வகுப்பறையில் எழுதிய கலைக்களஞ்சியம்

விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையை எழுதுவதையோ திருத்துவதையோ மாணவருக்குப் பாடப்பணியாகக் கொடுக்கும் வழக்கத்துக்கு இருபது ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட வயதுதான். ஆனால் அதன் உள்ளே இருக்கும் எண்ணம் கணினிக்கு முந்தியது. மாணவர் எழுதும் கட்டுரையைப் பொதுவாக ஒரே ஒருவர் படிக்கிறார், மதிப்பெண் இடுகிறார், பருவம் முடிந்ததும் தாள்கள் கட்டுக்கட்டாக எடைக்குப் போகின்றன. அந்த எழுத்து ஆசிரியரைத் தாண்டி முன்பின் அறியாத ஒருவர் கைக்குப் போய், அவருக்குப் பயன்பட்டால் மாணவர் எப்படி எழுதுவார் என்பதை 1920களிலேயே பிரான்சின் ஒரு சிற்றூர்ப் பள்ளி ஆசிரியர் சோதித்துப் பார்த்துவிட்டார்.

அவர் பெயர் செலஸ்தேன் ஃபிரெனே. முதல் உலகப் போரில் நுரையீரலில் குண்டுக்காயம் பட்டவர். தென்கிழக்குப் பிரான்சின் பார்-சூர்-லூ என்ற ஊரில் 1920ஆம் ஆண்டு ஆசிரியராகச் சேர்ந்தபோது, உரத்த குரலில் நெடுநேரம் பாடம் நடத்த அவரால் முடியவில்லை. பிள்ளைகளை வெளியே கூட்டிப்போனார். பார்த்ததை அவர்களையே எழுத வைத்தார். 1924ஆம் ஆண்டு வாக்கில் ஒரு சிறிய கை அச்சுப்பொறியை வாங்கி வகுப்பறையிலேயே வைத்தார். பிள்ளைகள் தங்கள் எழுத்தைத் தாங்களே ஈய எழுத்துகளால் கோத்து அச்சிட்டார்கள். அச்சிட்ட தாள்கள் நாட்டின் இன்னொரு மூலையான பிரெத்தாஞ் கடற்கரைப் பகுதிப் பள்ளிக்கு அஞ்சலில் போயின. அங்கிருந்து அவர்களுடைய தாள்கள் வந்தன. மலைச்சரிவில் வாழும் பிள்ளை தன் ஊரில் நடக்கும் வேலையைக் கடலோரப் பிள்ளைக்கு விளங்கும்படி எழுதவேண்டும் என்றால், எதைச் சொல்ல வேண்டும், எதை விடலாம் என்று யோசித்தாக வேண்டும். அச்சு கோக்கும்போது ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தக் கையால் உருவி மாற்றியாக வேண்டும். திருத்தம் என்பது ஆசிரியரின் சிவப்பு மையாக இல்லாமல் வேலையின் ஒரு பகுதியாகவே ஆனது.

1932ஆம் ஆண்டில் ஃபிரெனேயும் அவரோடு சேர்ந்த ஆசிரியர்களும் ‘பிப்லியோத்தேக் து த்ரவாய்’ என்ற சிறுநூல் வரிசையைத் தொடங்கினார்கள். ‘வேலை நூலகம்’ என்பது அதன் பொருள். ஒவ்வொரு நூலும் ஒரு பொருளைப் பற்றியது. முதல் நூல் பழங்கால வண்டிகளையும் கோச்சுகளையும் பற்றியது. ஆசிரியர்களும் வகுப்புகளும் சேர்ந்து உருவாக்கிய இந்த வரிசை பல பத்தாண்டுகள் தொடர்ந்து வந்தது. பெயரில் இல்லாவிட்டாலும், பள்ளிகள் கூடி எழுதிய ஒரு கலைக்களஞ்சியமே அது.

அதே காலத்தில் தமிழில் கலைக்களஞ்சியம் அறிஞர்களின் பணியாகவே இருந்தது. 1910ஆம் ஆண்டு வெளிவந்த ‘அபிதான சிந்தாமணி’யைத் தொகுத்த ஆ. சிங்காரவேலு முதலியார் சென்னைப் பச்சையப்பன் பள்ளியில் தமிழ்ப் பண்டிதர். ஆனாலும் அந்த மாபெரும் நூல் அவர் தனியாளாக உழைத்துத் தொகுத்தது. தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராக வைத்து 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. அதைத் தொடர்ந்து சிறுவர்களுக்கென்றே குழந்தைகள் கலைக்களஞ்சியமும் பத்துத் தொகுதிகளாக வந்தது. இரண்டும் தமிழின் பெருமிதங்கள். இரண்டிலும் மாணவர் வாசகராகவே இருந்தார். எழுதுபவராக அவரை நினைத்துப் பார்க்க அச்சுத் தொகுதிகளில் இடமில்லை. ஒரு தொகுதி அச்சாகிவிட்டால் அடுத்த பதிப்பு வரை ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற முடியாது.

அந்தத் தடையை நீக்கிய கருவி 1995ஆம் ஆண்டு மார்ச் 25 அன்று வந்தது. அமெரிக்க நிரலாளர் வார்டு கன்னிங்காம், யார் வேண்டுமானாலும் உலாவியிலேயே திறந்து மாற்றக்கூடிய வலைத்தளம் ஒன்றைத் தொடங்கினார். ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடும் ‘விக்கி விக்கி’ பேருந்தின் பெயரை அதற்கு வைத்தார்; ஹவாய் மொழியில் விக்கி என்றால் விரைவு. கலைக்களஞ்சியத்துக்கு வருமுன்பே விக்கி வகுப்பறைக்கு வந்துவிட்டது. ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் மார்க் குஸ்டியல் குழுவினர் 1990களின் இறுதியில் ‘ஸ்விக்கி’, ‘கோவெப்’ என்ற பெயர்களில் மாணவருக்கான விக்கிகளைக் கட்டினார்கள். கட்டடக்கலை மாணவர்கள் தங்கள் வரைபடங்களை அதில் இட்டுப் பிறரின் விமரிசனத்தைக் கேட்டுப் பெற்றார்கள். பொறியியல், கணித வகுப்புகளில் அதே கருவி எடுபடவில்லை. ஒருவர் மதிப்பெண் உயர்ந்தால் மற்றவர் தரவரிசை இறங்கும் முறை இருக்கும் இடத்தில், தன் விடையைப் பக்கத்து மாணவருக்குத் திறந்துவைக்க யாருக்கு மனம் வரும்? 2002ஆம் ஆண்டிலேயே அந்தக் குழு இத்தோல்வியை ஒளிக்காமல் எழுதி வெளியிட்டது. பின்னால் வந்த பலர் இதைப் படித்திருந்தால் நிறைய வலி மிச்சமாகியிருக்கும்.

2001ஆம் ஆண்டு ஜனவரி 15 அன்று ஆங்கில விக்கிப்பீடியா தொடங்கியது. தமிழ் விக்கிப்பீடியா 2003ஆம் ஆண்டில். அந்த ஆண்டிலேயே ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்த ஆண்ட்ரூ லீ தம் மாணவருக்கு விக்கிப்பீடியாக் கட்டுரைகளைப் பணியாகக் கொடுத்தார். ஆங்காங்கே வேறு சில ஆசிரியர்களும் அதே வேலையில் இறங்கினார்கள். அவர்கள் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். கையேடு கிடையாது, துணைக்கு ஆளும் கிடையாது.

பெரும்பாலான ஆசிரியர்களுக்கு அப்போது விக்கிப்பீடியா என்றாலே ஐயம்தான். 2005ஆம் ஆண்டில் அமெரிக்க இதழாளர் ஜான் சைகன்தாலரின் வாழ்க்கைக் குறிப்பில் கொலைப்பழி சார்ந்த பொய் ஒன்று பல மாதங்கள் கண்டுகொள்ளப்படாமல் கிடந்தது தெரியவந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ‘நேச்சர்’ இதழ் 42 அறிவியல் கட்டுரைகளை வல்லுநரிடம் கொடுத்து ஒப்பிட்டபோது, கட்டுரைக்குச் சராசரியாக விக்கிப்பீடியாவில் நான்கு பிழைகளும் பிரிட்டானிகாவில் மூன்று பிழைகளும் இருப்பதாகச் சொன்னது. இரு தரப்பாரும் தங்களுக்கு வேண்டியதை அதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

மோதல் முற்றியது 2007ஆம் ஆண்டின் தொடக்கத்தில். அமெரிக்காவின் மிடில்பரி கல்லூரியில் ஜப்பானிய வரலாறு கற்பித்த நீல் வாட்டர்ஸ், தேர்வுத் தாள்களைத் திருத்தும்போது பல மாணவர் ஒரே தவறைச் செய்திருப்பதைக் கண்டார். 17ஆம் நூற்றாண்டின் ஷிமாபாரா கிளர்ச்சிக்கு இயேசு சபையினர் துணை நின்றார்கள் என்று எழுதியிருந்தார்கள். அன்றைய ஜப்பானில் வெளிப்படையாக எந்தக் கிளர்ச்சிக்கும் துணை நிற்கும் நிலையில் அவர்கள் இல்லை. தவறு வந்த இடம் விக்கிப்பீடியா. வரலாற்றுத் துறை கூடி, மாணவர் இனி விக்கிப்பீடியாவைச் சான்றாகக் காட்டக்கூடாது என்று முடிவெடுத்தது. படிக்கக்கூடாது என்று அது சொல்லவில்லை. கலைக்களஞ்சியம் தொடங்கும் இடம்தான், சான்று காட்டும் இடம் அன்று என்பதை விக்கிப்பீடியாத் தரப்பும் ஒப்புக்கொண்டது. ஆனால் செய்தித்தாள்களில் ‘கல்லூரி விக்கிப்பீடியாவைத் தடைசெய்தது’ என்று வந்தது. இதற்கிடையே வேறு சில ஆசிரியருக்கு எதிர்த்திசையில் ஒரு யோசனை தோன்றியது: பிழை இருக்கிறதென்றால் அதை மாணவரே திருத்தலாமே.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பாதெல் வளாகத்தில் மார்த்தா குரூம் 2006ஆம் ஆண்டே அதைச் செய்துபார்த்தார். சுற்றுச்சூழல் வரலாற்று வகுப்பின் பருவக் கட்டுரைக்குப் பதிலாக விக்கிப்பீடியாக் கட்டுரை. அதைவிடப் பெயர்பெற்ற முயற்சி 2008ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நடந்தது. லத்தீன் அமெரிக்க இலக்கியம் கற்பித்த ஜான் பீஸ்லி-மரே தம் வகுப்பைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நாவலையோ நாவலாசிரியரையோ பற்றிய கட்டுரையைக் கொடுத்தார். அவர் வைத்த நிபந்தனைதான் புதுமை. ‘நல்ல கட்டுரை’ என்ற தகுதியை விக்கிப்பீடியர்கள் அளித்தால் ஏ மதிப்பு. மிக உயர்ந்த ‘சிறப்புக் கட்டுரை’ ஆனால் ஏ பிளஸ். மதிப்பெண் போடும் அதிகாரத்தில் பாதியை அவர் முகம் தெரியாத அந்நியரிடம் கொடுத்துவிட்டார்.

அந்த அந்நியர்கள் கண்டிப்பானவர்களாகவும் தாராளமானவர்களாகவும் இருந்தார்கள். கட்டுரைகளைச் சிறப்புத் தகுதிக்கு உயர்த்துவதில் கைதேர்ந்த தன்னார்வலர் குழு ஒன்று தானாகவே முன்வந்து மாணவருக்குத் துணை நின்றது. இந்த வரிக்குச் சான்று எங்கே, எந்தப் பக்கம், இது உங்கள் கருத்தா அல்லது விமரிசகரின் கருத்தா என்று உரையாடல் பக்கத்தில் கேள்விகள் வந்தபடி இருந்தன. பல்கலைக்கழகக் கட்டுரை ஒன்று ஒருமுறை எழுதிக் கொடுப்பதோடு முடிந்துவிடும். இங்கே அதே பத்தி இருபது முறை திரும்பத் திரும்ப எழுதப்பட்டது. குவாத்தமாலா எழுத்தாளர் மிகேல் ஆங்கேல் அஸ்தூரியாஸின் ‘எல் சென்யோர் பிரெசிதெந்தே’ நாவலைப் பற்றிய கட்டுரை முதலில் சிறப்புத் தகுதி பெற்றது. இறுதியில் அந்த ஒரு வகுப்பிலிருந்து மூன்று சிறப்புக் கட்டுரைகளும் எட்டு நல்ல கட்டுரைகளும் வந்தன. இந்த வெற்றிக்குக் காரணம் மென்பொருள் அன்று. சிறிய வகுப்பு, ஒரு முழுப் பருவம், நல்ல நூலகம், பொறுமையான வெளியாட்கள் ஆகிய நான்கும் ஒன்றுசேர்ந்தன. பின்னர் இதைப் பெரிதாக்க முயன்றவர்களுக்கு இந்த நான்கில் ஏதோ ஒன்று குறைந்தபோதெல்லாம் அடி விழுந்தது.

2010ஆம் ஆண்டில் விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா நிறுவனம் ஸ்டாண்டன் அறக்கட்டளையின் 12 லட்சம் டாலர் நிதியோடு இந்த வழக்கத்தைத் திட்டமாக மாற்றியது. பொருள் அமெரிக்கப் பொதுக்கொள்கை. களம் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள். வளாகத்திலேயே இருந்து உதவ ‘வளாகத் தூதர்’, இணையத்தில் உதவ ‘இணையத் தூதர்’ என்று இரண்டு வகைத் துணையாளர்கள் பயிற்றுவிக்கப்பட்டார்கள். திட்டம் நன்றாக நடந்தது. அடுத்த ஆண்டே அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள்.

2011ஆம் ஆண்டின் நடுவில் புனே நகரக் கல்லூரிகளில் தொடங்கிய அந்த இந்திய முயற்சி இந்த வரலாற்றிலேயே அதிகம் படிக்கவேண்டிய பகுதி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர் ஒரே பருவத்தில் சேர்க்கப்பட்டார்கள். எழுதச் சொன்னது ஆங்கில விக்கிப்பீடியாவில். பொருள்கள் பொறியியலும் பொருளியலும். தலைப்புகளில் பலவற்றுக்கு ஏற்கெனவே கட்டுரை இருந்தது. துணைக்கு வந்த வளாகத் தூதர்களில் பெரும்பாலோர் தாங்களே விக்கிப்பீடியாவுக்குப் புதியவர்கள். சில வாரங்களில் பாடநூல்களிலிருந்தும் வலைத்தளங்களிலிருந்தும் அப்படியே எடுத்த பத்திகள் கட்டுரைகளில் வரத் தொடங்கின. உலகின் மறுகோடியில் இருந்த தன்னார்வலர்கள் அவற்றை நீக்கினார்கள். நீக்கியது மறுபடியும் வந்தது. பயனர் கணக்குகள் தடைசெய்யப்பட்டன. துப்புரவுப் பணியில் ஈடுபட்டவர்கள் களைத்துக் கோபம் கொண்டார்கள். நவம்பர் மாதம் திட்டம் நிறுத்தப்பட்டது.

அப்போது எழுந்த பேச்சில் மாணவரை ஏமாற்றுக்காரராகச் சித்திரித்தவர்கள் இருந்தார்கள். அது அநியாயம். பாடநூலில் உள்ளதை வரி பிசகாமல் எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும் தேர்வுமுறையில் பன்னிரண்டு ஆண்டுகள் வளர்ந்தவர்கள் அவர்கள். நூலில் இருப்பதைத் தன் சொல்லில் எழுதினால் மதிப்பெண் குறையுமோ என்ற அச்சம் இந்தியப் பள்ளிகளில் படித்த எவருக்கும் தெரிந்ததுதான். ‘அசைன்மெண்ட்’ என்றால் பல கல்லூரிகளில் நூலிலிருந்து பார்த்து எழுதித் தருவதே. அவர்களிடம் ஒரு பயிலரங்கு நடத்திவிட்டு, காப்புரிமை மீறல் குற்றம் என்று சொன்னால், அந்தச் சொல் ஒரு சட்டப் பிரிவாகக் காதில் விழுமே தவிர எழுதும் முறையாகக் கைக்கு வராது. பிறர் எழுத்தைப் படித்து, மூடிவைத்து, புரிந்துகொண்டதை எழுதும் பழக்கத்தை முதலில் கற்பிக்க வேண்டியிருந்தது. அதற்கு நேரம் ஒதுக்கப்படவில்லை. எண்ணிக்கை முந்திக்கொண்டது.

எண்ணிக்கையின் ஆபத்து இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. 2013ஆம் ஆண்டில் கனடாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் படித்த உளவியல் அறிமுக வகுப்பு ஒன்று ஒரே காலத்தில் விக்கிப்பீடியாவுக்குள் இறங்கியபோதும் தன்னார்வலர்கள் திணறிப்போனார்கள். அதே 2013இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் இந்தப் பணியைக் கவனிக்க விக்கி கல்வி அறக்கட்டளை தனி அமைப்பாகத் தோன்றியது. நேரடியாகக் கட்டுரையில் கைவைக்காமல் முதலில் ‘மணல்தொட்டி’ எனப்படும் பயிற்சிப் பக்கத்தில் எழுதுவது, மாணவரின் ஒவ்வொரு தொகுப்பையும் ஆசிரியர் ஒரே திரையில் பார்ப்பது, பிறர் எழுத்தைத் தழுவி எழுதுவதற்கும் நகலெடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தனிப் பாடமாகவே நடத்துவது ஆகிய பழக்கங்கள் உறுதிப்பட்டன.

இன்று இத்தகைய வகுப்பு ஒன்று பெரும்பாலும் ஒரு வரிசையில் நடக்கிறது. மாணவர் பயனர் கணக்குத் தொடங்கி, இருக்கும் ஒரு கட்டுரையை எடுத்து அதன் குறைகளைக் கண்டு எழுதுகிறார். பிறகு தலைப்பைத் தேர்ந்து, நூலகத்துக்குப் போய்ச் சான்றுகளைத் திரட்டுகிறார். மணல்தொட்டியில் வரைவு எழுதுகிறார். சக மாணவர் இருவர் அதைப் படித்துக் குறை சொல்கிறார்கள். அதன்பின்தான் கட்டுரைவெளிக்கு நகர்த்துவது. நகர்த்திய சில நிமிடங்களிலேயே முன்பின் தெரியாத ஒருவர் ஒரு வரியை வெட்டியிருப்பார், அல்லது ‘சான்று தேவை’ என்ற குறி இட்டிருப்பார். அங்கேதான் மாணவர் உண்மையில் கற்கத் தொடங்குகிறார். சினந்து பழையபடி மீளமைப்பவரும் உண்டு. உரையாடல் பக்கத்தில் போய்க் காரணம் கேட்பவரும் உண்டு. ஆசிரியருக்கும் ஒரு வசதி: பக்கத்தின் வரலாற்றைத் திறந்தால் குழுவில் யார் எத்தனை வரி எழுதினார், யார் பெயரை மட்டும் சேர்த்துக்கொண்டார், யார் கடைசி நாள் இரவு இரண்டு மணிக்கு உட்கார்ந்தார் என்பதெல்லாம் மணிக்கணக்கோடு தெரிந்துவிடும்.

மருத்துவக் கல்வியில் இந்த வழக்கம் ஆழமாக வேரூன்றியது. காரணம் எளிது: நோயாளிகள் மருத்துவரிடம் போகுமுன் விக்கிப்பீடியாவைப் படிக்கிறார்கள். சான்பிரான்சிஸ்கோவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் அமீன் அசாம் 2013ஆம் ஆண்டு இறுதியாண்டு மருத்துவ மாணவருக்கு இதைப் பாடமாக்கினார். அதே ஆண்டில் டெல் அவீவ் பல்கலைக்கழகத்தில் ஷானி எவன்ஸ்டைனின் ‘விக்கி-மெட்’ பாடம் தொடங்கியது. நோயின் பெயரைப் பொதுமக்களுக்குப் புரியும் சொல்லில் எழுதிப் பழகும் மருத்துவர், நாளை நோயாளியிடமும் அப்படிப் பேசுவார் என்பது அந்த ஆசிரியர்களின் நம்பிக்கை.

ஆங்கிலம் அல்லாத மொழிகளில் பணியின் தன்மையே மாறியது. கெய்ரோவில் 2012ஆம் ஆண்டு தொடங்கிய வகுப்புகளில் மொழித்துறை மாணவிகள் பெருமளவில் அரபு விக்கிப்பீடியாவுக்கு மொழிபெயர்த்தார்கள். எடின்பரோ பல்கலைக்கழகத்தின் மொழிபெயர்ப்பு முதுகலை மாணவர் 2,000 சொல் அளவுள்ள கட்டுரை ஒன்றைத் தம் மொழிக்குக் கொண்டுவருவது பாடப்பணி ஆனது. பாஸ்க் மொழியில் 2017 முதல், 12 முதல் 16 வயது மாணவரின் பாடத்திட்டத்துக்குத் தேவையான ஆயிரம் கட்டுரைகளை மேம்படுத்தும் திட்டம் பல்கலைக்கழக வகுப்புகளோடு இணைக்கப்பட்டது. பிறகு சிறுவருக்கென ‘சிக்கிப்பீடியா’வும் அதே மொழியில் வந்தது. பிரெஞ்சில் 2006ஆம் ஆண்டு தொடங்கிய ‘விக்கிடியா’ எட்டு முதல் பதின்மூன்று வயதுச் சிறுவர் படிக்கவும் எழுதவுமான களஞ்சியம். ஃபிரெனேயின் சிறுநூல்களை அறிந்தவர்களுக்கு அது புதிய வீடாகத் தோன்றாது. பெரிய மொழியில் மாணவர் ஏற்கெனவே நிரம்பிய அரங்கில் ஓர் இடத்தைத் தேடுகிறார். சிறிய மொழியில் அவர் எழுதும் கட்டுரையே அந்தப் பொருளுக்கு இணையத்தில் முதல் கட்டுரையாக இருக்கக்கூடும். பொறுப்பும் மகிழ்ச்சியும் அங்கே கூடுதல்.

தமிழிலும் இந்த உண்மை பொருந்தும். 2010ஆம் ஆண்டு ஜூனில் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு கல்லூரி மாணவருக்கு விக்கிப்பீடியாக் கட்டுரைப் போட்டி ஒன்றை நடத்தியது. பல துறை மாணவர் தமிழில் துறைசார் கட்டுரை எழுத அது ஒரு வாசலாக இருந்தது. ஆனால் போட்டி பரிசோடு முடிந்துவிடும். திருத்தி எழுதும் நெடும்பழக்கம் வகுப்பில்தான் வரும். பெங்களூரின் கிறித்து பல்கலைக்கழகம் 2013ஆம் ஆண்டு முதல் இந்திய மொழிகளை இரண்டாம் மொழியாகப் படித்த இளங்கலை மாணவரை அந்தந்த மொழி விக்கிப்பீடியாக்களில் எழுத வைத்தது. அங்கே முதல் தடை விசைப்பலகை: மொழியைப் பேசவும் எழுதவும் அறிந்தவர் அதைத் தட்டச்சு செய்து பழகியதில்லை. கேரளத்தில் அரசின் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டம் 2009ஆம் ஆண்டு ‘ஸ்கூல்விக்கி’யைத் தொடங்கி, பள்ளிகள் தங்கள் வரலாற்றையும் ஊரின் வரலாற்றையும் மலையாளத்தில் எழுத இடம் கொடுத்தது.

தமிழ் மாணவர் விக்கிப்பீடியாவுக்கு எழுத உட்காரும்போது பள்ளியில் கற்ற கட்டுரை வடிவம் குறுக்கே வருகிறது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை. தொடக்கத்தில் ஒரு மேற்கோள், முடிவில் ஓர் அறவுரை. தலைவர் பெயர் வந்தால் பட்டங்களும் புகழ்மொழிகளும். கலைக்களஞ்சியத்தின் நடுநிலை நோக்கு இவை எல்லாவற்றையும் களையச் சொல்கிறது. பழகிய கைக்கு அது கடினம். மற்றொரு பக்கம், அறிவியல் தலைப்பு என்றால் கலைச்சொல்லைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஒரே பொருளுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல் ஒரு சொல்லையும் இலங்கைப் பாடநூல் வேறு சொல்லையும் வழங்கும். எந்தச் சொல்லைத் தலைப்பில் வைப்பது என்ற விவாதம் உரையாடல் பக்கத்தில் நீளும்போது, இரு நாட்டு மாணவரும் ஆசிரியரும் ஒரே பலகையின் முன் நிற்கிறார்கள். வேறெந்த வகுப்பறையிலும் இது எளிதில் வாய்க்காது.

2020இல் விக்கிமீடியா நிறுவனம் பொலிவியா, மொராக்கோ, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளின் பள்ளி ஆசிரியருக்கு ‘வகுப்பறையில் விக்கிப்பீடியாவைப் படித்தல்’ என்ற பயிற்சியைத் தொடங்கியது. எழுதுவதற்கு முன் படிக்கும் முறையைக் கற்பிப்பது அதன் நோக்கம். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் இந்தத் திசைமாற்றத்துக்கு வேறொரு தேவையும் சேர்ந்துகொண்டது. கேட்ட நொடியில் கட்டுரை தரும் கருவி, எவரும் எழுதாத நூல்களையும் சான்றாகக் காட்டிவிடுகிறது. நகலெடுத்த பத்தியை அதன் மூலத்தோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கலாம். இல்லாத நூலை ஒப்பிட மூலமே இல்லை. அதனால் நகலைத் தேடும் மென்பொருளைவிட, மாணவர் சான்று காட்டிய நூலைக் கையில் வைத்திருக்கிறாரா, அந்தப் பக்கத்தில் அந்தச் செய்தி இருக்கிறதா என்று கேட்கும் ஆசிரியரே இப்போது அதிகம் தேவைப்படுகிறார்.